மோரிஸ் மைனருக்கு எந்த ஃப்ளைவீல்? சுங்கை சிப்புட் கொட்டகையில் ஓர் எஞ்சின் வேலை

கிளட்ச்சைக் கழற்றி, எஞ்சினின் பின்முனையில் சுற்றும் கனத்த இரும்புச் சக்கரமான ஃப்ளைவீலின் முகத்தைப் பார்த்ததுமே, இதை இப்படியே திருப்பிப் பூட்ட முடியாது என்று தெரிந்துவிட்டது. கிளட்ச் பிளேட் ரிவெட் வரை தேய்ந்து, ரிவெட் தலைகள் இரும்பில் வட்டமாகக் கோடு கிழித்திருந்தன. கோடுகளுக்கு நடுவே நீலமும் கறுப்புமாகச் சூட்டுத் திட்டுகள். திட்டுகளின் மேல் நகத்தில் தட்டுப்படாத மெல்லிய வெடிப்புகள். விளிம்பில் இருக்கும் ரிங் கியரில் எதிரெதிராக இரண்டு இடங்களில் பற்கள் பாதி கரைந்திருந்தன.

கார் 1964ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக (கணக்கராக) இருந்தவர் வாங்கியது. அவருக்குப் பிறகு செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்த மாமாவிடம் வந்து, இப்போது என் கொட்டகையில் நிற்கிறது. மைனர் முதன்முதலில் லண்டன் கண்காட்சியில் வந்தது 1948இல். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் 1948 என்று சொன்னால் காரைப் பற்றிப் பேச மாட்டார்கள். அந்த ஜூனில் இங்கே தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்டு அவசரகாலம் பிறந்ததைத்தான் பேசுவார்கள். அது வேறு கதை.

எஞ்சின் பி.எம்.சி.யின் (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) ஏ-சீரீஸ், 1098 சிசி. 1962இல்தான் மைனருக்கு இந்த அளவு வந்தது. அதற்கு முன் 948 சிசி. சிலிண்டரை போர் செய்தது, கிராங்கை (பிஸ்டன்கள் சுற்ற வைக்கும் தண்டை) கிரைண்ட் செய்தது, புது பேரிங் போட்டது எல்லாம் எந்த எஞ்சினுக்கும் உள்ள வேலைதான். அதை எழுதப்போவதில்லை. ஃப்ளைவீல் விஷயத்தில்தான் ஆளுக்கு ஆள் ஒன்று சொன்னார்கள். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு எச்சரிக்கை முதலில். பழைய கிளட்ச் பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. பெல் ஹவுசிங்குக்குள் (கிளட்ச்சை மூடியிருக்கும் கூட்டுக்குள்) இருக்கும் கறுப்புத் தூசியை ஏர் கன்னால் ஊதாதீர்கள். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுங்கள். முகமூடி இல்லாமல் குனிய வேண்டாம்.

ஃப்ளைவீலின் வேலை என்ன என்பதை மாமா ஒரே வரியில் சொல்லுவார்: "ரப்பர் ஷீட் மெஷின் சக்கரத்த நினைச்சுக்கோ தம்பி." கையால் சுற்றி ரப்பர் கட்டியை ஷீட்டாக்கும் அந்த மெஷினைச் சிறுதோட்டக்காரர் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். கட்டியின் தடித்த இடம் உருளைக்குள் போகும்போது கை தடுமாறும். பக்கத்தில் இருக்கும் கனத்த சக்கரம்தான் அதை இழுத்துக்கொண்டு போகும். எஞ்சினிலும் அதே கணக்குதான். நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் அரைச் சுற்று சுற்றும்போது ஒரு முறைதான் வெடிப்பின் தள்ளல் கிடைக்கும். அந்தத் தள்ளல் முழு அரைச் சுற்றுக்கும் சமமாக இருக்காது. ஆரம்பத்தில் பலமாக இருந்து சீக்கிரம் தளர்ந்துவிடும். அடுத்த சிலிண்டரின் காற்றை அழுத்தும் வேலையும் அப்போதே நடக்க வேண்டும். அந்த இடைவெளியைத் தாண்ட வைப்பது ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் சுழற்சி ஆற்றல். இது போக, கிளட்ச் உரசும் முகம், உரசும்போது பிறக்கும் சூட்டை வாங்கிக்கொள்ளும் இரும்பு, ஸ்டார்ட்டர் பிடிக்கும் பல் வளையம் என்று இன்னும் மூன்று வேலையும் அதன் தலையில்தான்.

அந்த ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் இருப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் 1000 சுற்றில் இருக்கும். அதாவது எஞ்சின் மெதுவாக ஓடும்போதுதான் ஃப்ளைவீலின் கனம் உங்களுக்கு அதிகம் தேவை.

இதைத்தான், "லைட்டன் பண்ணிடு" என்று சொன்னவர்கள் யாரும் சொல்லவில்லை. பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களில் பாதிப் பேர், எஞ்சின் வெளியே இருக்கும்போதே ஃப்ளைவீலை லேத்தில் போட்டு எடையைக் குறைக்கச் சொன்னார்கள். ஆக்சிலரேட்டர் மிதித்தால் எஞ்சின் சட்டென்று ஏறும், கார் துள்ளும் என்றார்கள். பொய்யில்லை. ஆனால் எவ்வளவு துள்ளும், எந்த கியரில் துள்ளும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் படம் வேறாக இருக்கிறது.

என் காருக்கு நான் போட்ட கணக்கு இது. மையத்திலிருந்து 12 செ.மீ. தூரத்தில், அதாவது விளிம்புக்குப் பக்கத்தில், 1 கிலோ இரும்பைச் சீவுவதாக வைத்துக்கொள்வோம். 1098 மைனரின் முதல் கியர் விகிதம் 3.63, பின் ஆக்சில் 4.22. இரண்டையும் பெருக்கினால் 15.3. சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஃப்ளைவீல் பதினைந்து சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். இந்த எண்ணை வர்க்கமாக்கி, டயரின் ஆரத்தை 29 செ.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால், அந்த 1 கிலோ இரும்பு முதல் கியரில் சுமார் 40 கிலோ எடையைக் காரிலிருந்து இறக்கியதற்குச் சமம். ஒரு பையனை இறக்கிவிட்ட மாதிரி. நல்ல லாபம்தான். அதே கணக்கை நான்காம் கியருக்குப் போடுங்கள்: வெறும் 3 கிலோ. கார் கிட்டத்தட்ட 750 கிலோ. மெனோரா சுரங்கப்பாதைப் பக்கத்து ஏற்றத்திலோ, கோலகங்சார் தாண்டி புக்கிட் பெராபிட்டிலோ, உயர்ந்த கியரில் முக்கிக்கொண்டு போகும்போது லைட்டான ஃப்ளைவீலால் ஒரு பயனும் இல்லை. ஏற்றத்தில் எஞ்சினின் சக்தி கூடப்போவதில்லை. சுற்று விழும் வேகம்தான் கூடும்.

அதே ஒரு கிலோவை மையத்திலிருந்து 6 செ.மீ. தூரத்தில் சீவினால் பலன் நான்கில் ஒரு பங்குதான். எடையைத் தராசில் காட்டிப் பெருமைப்படுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நடுப்பகுதியில்தான் ஃப்ளைவீலை கிராங்கோடு பிடிக்கும் போல்ட்டுகள் இருக்கின்றன. அங்கே இரும்பைக் குறைப்பது லாபம் இல்லாத ஆபத்து.

ஆபத்து என்று சும்மா சொல்லவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த ஃப்ளைவீல் வார்ப்பிரும்பு. அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்குவதில் பலவீனம். விளிம்பு மையத்திலிருந்து 14 செ.மீ. தூரம் என்று வையுங்கள். 5000 சுற்றில் அந்த விளிம்பு மணிக்கு 260 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. விளிம்பில் இருக்கும் ஒவ்வொரு கிராம் இரும்பும் கிட்டத்தட்ட 4 கிலோ பாரத்தோடு வெளியே இழுக்கப்படுகிறது. கண்ட இடத்தில் சீவி, ஏற்கெனவே சூட்டு வெடிப்பு இருக்கும் வார்ப்பிரும்பு பிளந்தால், அது இருக்கும் இடம் ஓட்டுநரின் கால் மாட்டில். ரேஸுக்குப் போகிறவர்கள் இதற்காகத்தான் வார்ப்பிரும்பை விட்டுவிட்டு ஸ்டீல் ஃப்ளைவீல் வாங்குகிறார்கள்.

இனி நம் ரோடு. காலையில் தோட்டத்துச் செம்மண் பாதையில், செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர வேண்டும். பட்டணத்துக்குள் வந்தால் பள்ளிக்கூடத்துக்கு முன்னும் பின்னும் வேகத்தடை. சனிக்கிழமை பசார் கூட்டத்தில் முதல் கியரும் கிளட்ச்சும்தான். ஃப்ளைவீல் லைட்டாக இருந்தால், கிளட்ச்சை விடும்போது எஞ்சின் அணைந்துபோகப் பார்க்கும். அணையாமல் இருக்க ஆக்சிலரேட்டரைக் கூட மிதிப்போம். கூட மிதித்தால் கிளட்ச் கூட உரசும், கூடச் சூடாகும். சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பும் குறைவு. ஐடிலிங்கையும் ஏற்றி வைக்க வேண்டியிருக்கும். மாமா கேட்டதில் நியாயம் இருந்தது: "இது என்ன செப்பாங் ரேஸுக்குப் போற காரா? கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போற காருக்கு எதுக்குடா அந்த வேலை?"

ஆக, எடை குறைக்கும் யோசனை அங்கேயே முடிந்தது. அடுத்த கேள்வி, இந்தப் பழைய ஃப்ளைவீலையே சரி செய்வதா, வேறு போடுவதா.

பழைய இரும்புக் கடையில் 948 எஞ்சின் ஒன்று கிடந்தது. அதன் ஃப்ளைவீல் பார்க்க நன்றாகவே இருந்தது. கடைக்காரர் சொன்ன விலையும் பெரிதில்லை. ஆனால் 948க்கு வரும் கிளட்ச் 6¼ அங்குலம். 1098க்கு 7¼ அங்குலம். கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டைப் பூட்டும் ஓட்டைகளின் வட்டமே வேறு. சின்ன கிளட்ச்சைப் போட்டு ஓட்டலாம்தான். ஆனால் எஞ்சினின் இழுவிசை கூடியதற்காகத்தானே கிளட்ச்சையும் பெரிதாக்கினார்கள். பெரியதைக் கழற்றிவிட்டுச் சின்னதைப் போடுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

"ஏ-சீரீஸ் லைட்வெயிட் ஃப்ளைவீல்" என்று ஆன்லைனில் பார்த்து மயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏ-சீரீஸ் எஞ்சின் 1951இல் ஆஸ்டின் ஏ30இல் தொடங்கி, மைனர், ஸ்ப்ரைட், மினி என்று எத்தனையோ கார்களில் போனது. விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி மினிக்கானது. மினியில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது; அதன் ஃப்ளைவீல் கிராங்கின் கூம்பான முனையில் ஒற்றை நடு போல்ட்டால் இறுகும். மைனரில் தட்டையான ஃப்ளேஞ்சில் சுற்றிவர போல்ட்டுகளால் பூட்டுகிறோம். ஒன்றுக்கொன்று பொருந்தவே பொருந்தாது. பெயரை நம்பாமல், நடு ஓட்டை, போல்ட்டு வட்டம், டோவல் (இடம் பிசகாமல் நிறுத்தும் முளை) இருக்கும் இடம், கிளட்ச் அளவு, ரிங் கியரின் பல் எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் கேட்டு வாங்கிய பிறகுதான் காசைப் பற்றிப் பேச வேண்டும்.

மைனருக்கே செய்த புது ஸ்டீல் ஃப்ளைவீல் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். இரும்பின் கனத்துக்குத் தபால் கூலியைக் கேட்டதும் அந்த ஆசை தணிந்தது. வெடிப்பு ஆழமாக இருந்தால் மட்டும் அதை யோசிப்போம் என்று வைத்தேன்.

ஆழமா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது. வெல்டிங் சாமான் விற்கும் கடையில் வெடிப்புப் பார்க்கும் ஸ்ப்ரே டப்பாக்கள் கிடைக்கும்: சுத்தம் செய்ய ஒன்று, சிவப்புச் சாயம் ஒன்று, வெள்ளைப் பொடி ஒன்று. எண்ணெய் துளியும் இல்லாமல் துடைத்து, சிவப்பை அடித்து ஊறவிட்டு, மேலோடு துடைத்துவிட்டு வெள்ளையை அடித்தால், வெடிப்புக்குள் போன சிவப்பு வெளியே கசிந்து கோடாகத் தெரியும். என் ஃப்ளைவீலில் கோடுகள் எல்லாம் உரசும் வட்டத்துக்குள்ளேயே நின்றன. போல்ட்டு ஓட்டைகளைச் சுற்றியோ, வெளி விளிம்பை நோக்கியோ ஒன்றும் ஓடவில்லை. அப்படி ஒரு கோடு ஓட்டையிலிருந்து புறப்பட்டிருந்தால் அடுத்த பேச்சே இல்லை, இரும்புக் கடைக்குத்தான் போயிருக்கும்.

ஈப்போவுக்குக் கொண்டுபோனேன். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் (டின்) சுரங்கங்கள் ஓடிய காலத்தில் பம்புக்கும் டிரெட்ஜுக்கும் பாகங்கள் கடைந்து பழகிய ஊர் அது. 1985இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் மூடிய பிறகும் அந்தக் கைவேலை ஊரைவிட்டு முழுதாகப் போய்விடவில்லை. நான் போன கடையின் தவுக்கேக்கு (சீன முதலாளிக்கு) வயது எழுபதுக்கு மேல். ஃப்ளைவீலை லேத்தில் கட்டாமல் நேராக கிரைண்டர் பக்கம் எடுத்துப் போனார். ஏன் என்று கேட்டேன். மலாயும் தமிழும் கலந்து அவர் சொன்னதன் சாரம் இது: நீலத் திட்டுகள் வெறும் நிறம் இல்லை. கிளட்ச் வழுக்கி அந்த இடம் பழுக்கக் காய்ந்து, சுற்றியிருக்கும் குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டைச் சட்டென்று உறிஞ்சியதால், அங்கே இரும்பு கெட்டிப்பட்டிருக்கிறது. லேத்தின் வெட்டு முனை மெத்தென்ற இடத்தைச் சீவிவிட்டு, கெட்டி இடம் வந்ததும் ஏறித் தாண்டிப் போகும். பார்க்கத் தட்டையாக இருக்கும்; கையை வைத்தால் மேடு தெரியும். கிளட்ச் அந்த மேட்டில்தான் முதலில் உரசும், அங்கேதான் மறுபடி சூடேறும். கிரைண்டர் கல்லுக்குக் கெட்டியும் மெத்தும் ஒன்றுதான்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே எடுத்தார். திட்டுகள் வெளுத்தன, வெடிப்புக் கோடுகளும் மறைந்தன. மறுபடி சாயம் அடித்துப் பார்த்தோம், சுத்தம். "இன்னும் கொஞ்சம் எடுத்தால் பளபளவென்று இருக்குமே அங்கிள்?" என்றேன். "சுக்குப் லா (போதும்) தம்பி, கண்ணாடி பார்க்கவா போற?" என்றார். அதிகப் பளபளப்பு கிளட்ச்சுக்கு ஆகவும் ஆகாது. கிரைண்டர் விட்ட மெல்லிய குறுக்குக் கோடுகள்தான் புது பிளேட்டைப் பதிய வைக்கும்.

முகத்தைத் தேய்க்கும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பும் உரசும் முகமும் என்ன உயர வித்தியாசத்தில் இருந்தனவோ, தேய்த்த பிறகும் அதே வித்தியாசத்தில் இருக்க வேண்டும். உரசும் வட்டத்தை மட்டும் குழித்தால் ஸ்பிரிங்கின் பிடி குறைந்துவிடும். புது கிளட்ச் போட்டும் வழுக்கும். கழற்றுவதற்கு முன்பே டெப்த் கேஜால் அளந்து சுண்ணாம்புக்கட்டியால் கொட்டகைச் சுவரில் எழுதி வைத்திருந்தேன். இரண்டையும் ஒரே அளவு எடுக்கச் சொன்னேன்.

ரிங் கியர் விஷயம் சுவாரஸ்யமானது. பற்கள் ஏன் எதிரெதிராக இரண்டே இடத்தில் தேய்கின்றன? எஞ்சினை அணைக்கும்போது அது நினைத்த இடத்தில் நிற்பதில்லை. ஏதாவது ஒரு சிலிண்டரின் காற்றழுத்தத்தைத் தாண்ட முடியாமல் பின்வாங்கி நிற்கிறது. நான்கு சிலிண்டரில் அப்படி நிற்கும் இடங்கள் ஒரு சுற்றுக்கு இரண்டு. அடுத்த நாள் ஸ்டார்ட்டர் பல் வந்து மோதுவதும் அதே இரண்டு இடத்தில்தான். மாமா காலத்து வைத்தியம், வளையத்தைச் சூடாக்கிக் கழற்றிக் கால் சுற்றுத் திருப்பிப் போடுவது. தேயாத பற்கள் அந்த இடத்துக்கு வந்துவிடும். பாகம் கிடைக்காத நாளில் அருமையான யோசனை. இப்போது புது வளையம் தபாலில் வருகிறது, விலையும் தாங்கக்கூடியது. புதிதே வாங்கினேன்.

பழையதைக் கழற்ற, இரண்டு பற்களுக்கு நடுவே டிரில் போட்டு, கனத்த உளியால் ஓர் அடி. பிளந்து வந்துவிடும். வளையம் தெறிக்கலாம், மேலே சாக்கு போட்டுக்கொண்டு அடியுங்கள். உளி ஃப்ளைவீலைத் தொடக் கூடாது.

புது வளையத்தை ஏற்றுவதற்கு அடுப்பு வேண்டும். கால் மீட்டர் விட்டமுள்ள ஸ்டீல் வளையத்தை 300 டிகிரி சூடேற்றினால் குறுக்களவில் சுமார் 0.9 மி.மீ. விரியும். இறுக்கத்துக்கு விட்டிருக்கும் அளவைவிட அது தாராளம். பி.எம்.சி. மேனுவல் 300 முதல் 400 டிகிரி வரை சொல்கிறது; வெளிர் நீலம் வந்தால் அந்தச் சூடு வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் போனால் பற்களின் கடினம் கெட்டுவிடும். வெல்டிங் டார்ச்சை ஒரே இடத்தில் பிடிப்பதுதான் பலர் செய்யும் அநியாயம். ஒரு பக்கம் செந்நிறம், மறுபக்கம் பச்சை இரும்பு. நாங்கள் கல்யாணச் சமையலுக்கு வாடகைக்கு விடும் பெரிய கேஸ் அடுப்பை எடுத்து, மேலே தடித்த இரும்புத் தகடு வைத்து, அதன்மேல் வளையத்தைப் படுக்கப் போட்டுத் திருப்பிக்கொண்டே இருந்தோம். ஒரு பக்கத்தை எமரித் தாளால் தேய்த்து வெள்ளையாக்கி வைத்தால்தான் நிறம் மாறுவது தெரியும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, கடைசியில் நீலம். ஃப்ளைவீல் அதுவரை வீட்டு ஐஸ்பெட்டியில். அதற்காக மீனை வெளியே எடுத்து வைத்ததைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது.

நீலம் வந்ததும் இடுக்கியால் எடுத்து வைத்தால், ஒரு தட்டுக்கூடத் தேவைப்படாமல் உட்காரும். பற்களின் சரிவு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைப் பழைய வளையத்தைப் பிளப்பதற்கு முன்பே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சூடான வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க நேரம் இருக்காது. தானாக ஆறட்டும், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பிறகு மறுபடி ஈப்போ, பேலன்ஸ் பார்க்க. வரிசை நான்கு சிலிண்டர் கிராங்க் தன்னளவிலேயே சமநிலையானது. அதனால் ஃப்ளைவீலைத் தனியாகவும், பிறகு பிரஷர் பிளேட்டோடு சேர்த்தும் பேலன்ஸ் செய்தால் போதும். இது அவசியமா என்று கேட்பவர்களுக்கு: 13 செ.மீ. ஆரத்தில் வெறும் 10 கிராம் கூடுதலாக இருந்தால், 5000 சுற்றில் அது கிராங்கின் பின்முனையை 36 கிலோ பாரத்தோடு சுற்றிச் சுற்றி இழுக்கும். 1098இன் கிராங்க் நீளமான ஸ்ட்ரோக், 83.7 மி.மீ.; தாங்குவதோ மூன்று மெயின் பேரிங்தான். எடை குறைக்கச் செலவழிக்க நினைத்த காசை இங்கே செலவழிப்பதுதான் என் கணக்கில் புத்திசாலித்தனம். பின்பக்கத்தில் இரண்டு ஆழமில்லாத ஓட்டை போட்டுச் சரி செய்து கொடுத்தார்கள். பிரஷர் பிளேட்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் சேர்த்து ஒரு பஞ்ச் அடையாளம் போட்டுக்கொண்டேன், பூட்டும்போது அதே நிலையில் வர வேண்டும் என்பதற்காக.

பூட்டும் வேலைக்கு வருவோம். முதலில் எஞ்சினின் பின்தகடு. பிளாக்குக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவே வரும் அந்த ஸ்டீல் தகட்டை ஃப்ளைவீலுக்கு முன்பே மாட்ட வேண்டும். பிறகு மாட்ட வழியில்லை. கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் எதுவும் கிடையாது. எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும் மரைதான் அங்கே காவல். எஞ்சினுக்குள் காற்றழுத்தம் ஏறினால் அந்த மரை தோற்றுவிடும். அதனால் அந்தக் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயைச் சுத்தம் செய்யாமல் ஃப்ளைவீல் மாட்டுவது வீண். எண்ணெய் ஒழுகி கிளட்ச் உதறினால் பழி ஃப்ளைவீல் மேல்தான் விழும்.

கிராங்கின் முனைக் குழியில் இருக்கும் சின்ன வெண்கல புஷ்ஷை மாற்ற இதுதான் சமயம். கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டின் நுனி அதில்தான் சுற்றுகிறது. குழிக்குப் பின்பக்கம் வழியில்லாததால் தட்டி எடுக்க முடியாது. நனைத்த ரொட்டியைக் குழியில் திணித்து, ஓட்டைக்குச் சரியாகப் பொருந்தும் இரும்புக் கம்பியை வைத்துச் சுத்தியலால் அடித்தால், ரொட்டி பின்னால் போய் புஷ்ஷை வெளியே தள்ளும். கிரீஸிலும் செய்யலாம், கை நாறும். புது புஷ்ஷை எஞ்சின் எண்ணெயில் ஓர் இரவு ஊறப்போட்டேன்.

ஃப்ளேஞ்சையும் ஃப்ளைவீலின் பின்முகத்தையும் எண்ணெய்க்கல்லால் லேசாகத் தடவி, பிசிறு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். அங்கே ஒரு மணல் அளவு தூசி இருந்தாலும் அது விளிம்பில் பல மடங்காகத் தெரியும். போல்ட்டுகள் புதியவை, பூட்டுத் தகடுகளும் புதியவை. குறுக்கு வரிசையில் மூன்று தடவையாக ஏற்றி, கடைசியில் 40 பவுண்டு-அடி, அதாவது சுமார் 54 நியூட்டன் மீட்டர். மேனுவல் 35 முதல் 40 வரை சொல்கிறது. கிராங்க் சுற்றாமல் இருக்க ரிங் கியர் பல்லில் ஓர் ஆங்கிள் இரும்பை மாட்டி, மாமா பிடித்துக்கொண்டார். தகட்டின் காதுகளை மடக்குவதை அளவு பார்க்கும் வரை தள்ளி வைத்தோம்.

ஃப்ளைவீல் கோணாமல் சுற்றுகிறதா என்று அளவு பார்ப்பதில்தான் ஒரு சூட்சுமம். டயல் கேஜின் காந்தக் காலைப் பின்தகட்டில் வைத்து, முள்ளை உரசும் முகத்தின் வெளிப்பக்கத்தில் நிறுத்தி, மெல்லச் சுற்ற வேண்டும். 0.1 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. ஆனால் கிராங்குக்கே முன்னும் பின்னும் அசைய 0.05 முதல் 0.075 மி.மீ. வரை இடம் விட்டிருக்கிறார்கள். சுற்றும்போது கிராங்க் அசைந்தால் அந்த அசைவும் முள்ளில் சேர்ந்துவிடும். அதனால் சுற்றும் நேரம் முழுக்க ஃப்ளைவீலை ஒரே பக்கமாக, பிளாக்கை நோக்கி, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே சுற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் சுலபம். எங்களுக்கு முள் 0.04க்குள் நின்றது. மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தானே ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். பிறகுதான் காதுகளை மடக்க விட்டார்.

கிளட்ச் பிளேட்டில் மையக் குமிழ் நீண்டிருக்கும் பக்கம் கியர் பாக்ஸைப் பார்க்க வேண்டும். நடுவில் நிறுத்துவதற்கு ஒரு பழைய கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டைப் பயன்படுத்தினேன். கிடைக்காதவர்கள் மரக் கட்டையைக் கடைந்துகொள்ளலாம். உரசும் முகத்தைக் கடைசியாக பிரேக் கிளீனரால் துடைத்த பிறகு விரல் படக் கூடாது. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை அரைச் சுற்று அரைச் சுற்றாகக் குறுக்கே ஏற்றினோம். கியர் பாக்ஸைச் சேர்க்கும்போது அதன் கனம் கிளட்ச் பிளேட்டில் தொங்காமல், அடியில் ஜாக் நிற்கட்டும்.

பெடலை மிதித்ததும் கிளட்ச்சை அழுத்தி விடுவிக்கும் பாகத்தை ரிலீஸ் பேரிங் என்று சொல்கிறோமே தவிர, மைனரில் அது உருளை பேரிங் இல்லை, ஒரு கார்பன் வளையம். சிக்னலில் நிற்கும்போது கிளட்ச்சை மிதித்தபடியே இருந்தால் அது தேய்ந்து தீரும். காரை யாரிடம் ஓட்டக் கொடுத்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எஞ்சின் முதல் நாளே பிடித்தது. ஐடிலிங்கில் ரேடியேட்டர் மேல் வைத்த ஸ்பானர் நகரவில்லை. செம்மண் பாதையில் லோரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமலே ஊர்கிறது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. புக்கிட் பெராபிட்டில் பழையபடி மூன்றாம் கியர்தான், லோரிகள் முந்திக்கொண்டு போகின்றன. துள்ளல் எதுவும் இல்லை. அதை எதிர்பார்த்து மைனர் வாங்குகிறவர்கள் வேறு கார் பார்க்கலாம்.

புது பிளேட் பதியும் வரை ஏற்றத்தில் கிளட்ச்சால் காரைப் பிடித்து நிறுத்துவதைத் தவிர்த்தேன். பதிந்த பிறகு பெடலின் தளர்ச்சி குறைந்திருந்தது, கம்பியின் நட்டைத் திருகிச் சரி செய்தாயிற்று. பெல் ஹவுசிங்கின் அடியில் இருக்கும் துளையில் தொங்கும் கொண்டை ஊசி இதுவரை எண்ணெய் படாமல் காய்ந்தே இருக்கிறது. அடுத்து டைனமோ. அதன் புஷ் சத்தம் போட ஆரம்பித்துவிட்டது.